மூல ஏடு என்றொன்று இல்லை

தமிழ் மேடைகளில் கடந்த இருபது ஆண்டுகளில் மிகுதியாகத் தேய்ந்துபோன சொல் எது என்று கேட்டால் 'மரபணு' என்றே நாம் விடை சொல்வோம். வீரம் நம் மரபணுவிலேயே இருக்கிறது என்கிறார் ஒரு பேச்சாளர். எங்கள் குலத்தின் மரபணு இம்மண்ணிலேயே மூத்தது என்கிறார் சாதிச் சங்கத்தார். நாட்டு மாட்டின் தூய மரபணுவைக் காப்போம் என்கிறார் மூன்றாமவர். இவர்களையெல்லாம் ஏளனம் செய்யும் சிற்றிதழ்க் கட்டுரையாளரும் தம் பங்குக்கு 'தமிழ்க் கவிதையின் டி.என்.ஏ.' என்று ஒரு தொடரை எழுதிவிட்டுத்தான் பேனாவை மூடுகிறார். இந்நால்வரும் வேறெதிலும் ஒத்துப்போக மாட்டார்கள். ஆயினும் நால்வர்க்கும் பொதுவான நம்பிக்கை ஒன்றுண்டு. உயிருக்குள் ஆழத்தில் எங்கோ கலப்பற்ற மூலம் ஒன்று எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. காலம் அதன்மேல் தூசு படியச் செய்திருக்கிறது. தூசைத் துடைத்துவிட்டால் மூலம் துலங்கும் என்பதே அது.

இந்நம்பிக்கையை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கம். மறுப்புக்கு நாம் அழைக்கும் சாட்சியும் மரபணு அறிவியலே. எதிர்த்தரப்பார் கூண்டில் ஏற்றிய அதே சாட்சியைத்தான் நாமும் குறுக்கு விசாரணை செய்கிறோம்.

*

இவ்வறிவியலுக்குத் தமிழில் 'மரபியல்' என்ற பெயர் வழங்குகிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கும் அதுவே பெயர். விலங்குகளின் இளமைப் பெயர்களையும் ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் தொகுப்பது அவ்வியல். ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களை வகுப்பதும் அதுவே. அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்னும் நால்வகைப் பகுப்பும் அங்கேதான் வருகிறது. அப்பகுப்பைப் பேசும் நூற்பாக்கள் பிற்காலத்து இடைச்செருகல் என்று அறிஞர் பலர் வாதிட்டுள்ளனர். உயிர்களின் மரபைச் சொல்லப் புகுந்த இயலிலேயே செருகல் குறித்த ஐயம் எழுந்தது தற்செயல்தான். ஆனால் இன்றைய மரபியல் கண்டறிந்திருப்பதைத் தமிழ் படித்தோர்க்கு விளக்க 'இடைச்செருகல்' என்பதைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை.

மனித மரபணுத்தொகை ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளால் ஆனது. அதில் புரதங்களை ஆக்குவதற்கான நேரடிக் குறிப்பு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. 2001இல் மரபணுத்தொகையின் முதல் வரைவு வெளியானபோது, அதில் ஏறத்தாழ 45 விழுக்காடு தாவும் கூறுகளிலிருந்து வந்தது என்று கணக்கிட்டார்கள். சிதைந்து உருத்தெரியாமல் போனவற்றையும் சேர்த்தால் மூன்றில் இரு பங்கு வரை அவையே என்று 2011இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. தாவும் கூறு என்பது, தான் இருக்கும் இடத்திலிருந்து பெயர்ந்தோ, தன்னைப் படியெடுத்தோ, மரபணுத்தொகையின் வேறோர் இடத்தில் தன்னைச் செருகிக்கொள்ளும் டி.என்.ஏ. துண்டு. மக்காச்சோள மணிகளின் நிறமாற்றத்தை ஆராய்ந்த பார்பரா மக்லின்டாக் 1940களில் இவற்றைக் கண்டறிந்தார். அறிவுலகம் அவரைச் சரியாகக் கேட்கப் பல்லாண்டுகள் ஆயின. நோபல் பரிசு வந்தபோது ஆண்டு 1983.

நம் ஏட்டுச் சுவடிகளில் செருகலைச் செய்தவர் ஒரு புலவர் அல்லது படியெடுத்தவர். இங்கே செருகப்பட்ட பாட்டே எழுத்தாணியைக் கையில் எடுத்துக்கொள்கிறது. 'லைன்-1' எனப்படும் கூறு ஏறத்தாழ ஐந்து இலட்சம் படிகளாக நம்முள் பரவி, மரபணுத்தொகையில் ஏறத்தாழ 17 விழுக்காட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. தன்னைப் படியெடுப்பதற்கான நொதிக்குரிய குறிப்பை அது தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. அவ்வைந்து இலட்சத்தில் மிகப்பெரும்பாலானவை முறிந்தவை. இன்றும் தாவ வல்லவை நூறளவில்தான். 'ஆலு' என்பது முந்நூறு எழுத்தளவே உள்ள குறுங்கூறு. அதற்குச் சொந்த எழுத்தாணி கிடையாது. லைன்-1இன் எழுத்தாணியை இரவல் வாங்கியே பத்து இலட்சத்துக்கும் மேலான படிகளாகப் பெருகிவிட்டது. இவற்றோடு நம் மூதாதையரின் கருவணுக்களில் தொற்றி அங்கேயே தங்கிவிட்ட ரெட்ரோவைரஸ்களின் எச்சங்கள் ஏறத்தாழ 8 விழுக்காடு. நம் புரதக் குறிப்பைப் போல் நான்கு மடங்குக்கும் மேல் வைரஸின் எச்சம் நம்முள் இருக்கிறது.

செருகல் இன்னும் முடிந்துவிடவில்லை. ஏறத்தாழ 20 முதல் 40 பிறப்புகளுக்கு ஒன்றில் பெற்றோரிடம் இல்லாத புதிய ஆலு செருகல் ஒன்று காணப்படுகிறது என்று மதிப்பீடுகள் கூறுகின்றன. சிலவேளை அது கேடாகவும் முடியும். இரத்தம் உறையாமைக்கு ஆளான 240 பேரை ஆராய்ந்தபோது, இருவரிடம் உறைதலுக்குரிய மரபணுவுக்குள் லைன்-1 புகுந்து அதைக் குலைத்திருந்தது 1988இல் தெரியவந்தது. ஆகவே இவற்றைப் போற்றிப் பாடுவது நம் வேலையன்று. இவை நமக்காகப் படைக்கப்பட்டவையும் அல்ல. தம்மைப் பெருக்கிக்கொள்வதே இவற்றின் முதல் தொழில்.

*

இவ்வளவுதான் செய்தியென்றால் தூய்மைவாதி எளிதில் தப்பித்துவிடுவார். 'பாதி குப்பை என்றால் குப்பையைத் தள்ளிவிடுவோம். மிஞ்சும் பாதியில் எங்கள் மூலம் இருக்கிறது' என்பார். இரசிகமணி டி.கே.சி. கம்பராமாயணத்தை அவ்வாறுதான் அணுகினார். ஏராளமான பாடல்களைக் கம்பர் வாக்கு அல்ல என்று ஒதுக்கி, தம் செவி ஏற்றவற்றைப் பதிப்பித்தார். அந்தத் துணிவு ஒரு காவியத்தில் செல்லுமா என்பதே விவாதத்துக்குரியது. பாலூட்டியின் உடலில் நிச்சயமாகச் செல்லாது. அங்கே செருகலைப் பிடுங்கினால் சில இடங்களில் காவியமே சரிந்துவிடும்.

பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அடையாளமாகிய நஞ்சுக்கொடியை எடுத்துக்கொள்வோம். தாயின் குருதிக்கும் சிசுவுக்கும் இடையில் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே படலமாக ஆக வேண்டும். அவ்விணைப்பைச் செய்யும் புரதங்களுள் ஒன்று 'சின்சிட்டின்'. தொற்றிய செல்லுக்குள் நுழைவதற்காக ஒரு ரெட்ரோவைரஸ் வைத்திருந்த உறைப்புரதமே அது என்பது 2000இல் வெளிப்பட்டது. எலியில் இதையொத்த மரபணு ஒன்றை நீக்கிப் பார்த்தார்கள். கருக்கள் பாதி வளர்ச்சியிலேயே மடிந்தன. இது 2009இல் வெளியான முடிவு. வியப்பு இதோடு முடியவில்லை. குரங்கினம், எலியினம், முயல், ஊனுண்ணிகள், அசைபோடுவன ஆகிய ஒவ்வொரு கிளையும் வெவ்வேறு வைரஸிடமிருந்து, வெவ்வேறு காலத்தில், தனித்தனியே இப்புரதத்தைக் கைப்பற்றியிருக்கிறது. தாய்வழி என்று நாம் உருகிச் சொல்லும் உறவின் உடற்பொருளிலேயே அயலான் கைவண்ணம் இருக்கிறது.

இன்னும் சில சொல்லலாம். கருவைத் தாங்குவதற்குக் கருப்பைச் செல்கள் தம்மை மாற்றிக்கொள்ளும்போது எந்தெந்த மரபணு விழிக்கவேண்டும் என்று ஆணையிடும் தொடர்களில் பல, தாவும் கூறொன்றின் படிகளிலிருந்து வந்தவை என்பது 2011இல் வெளியான ஆய்வு. கணக்கற்ற நோய்க்கிருமிகளை அடையாளம் காண நம் நோயெதிர்ப்புச் செல்கள் தம் மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டுகின்றனவே, அவ்வெட்டுக் கத்தியும் பண்டைத் தாவும் கூறொன்றின் வழித்தோன்றலே. மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் வால் ஏன் இல்லை என்ற கேள்விக்கு, ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வால் வளர்ச்சிக்குரிய மரபணு ஒன்றினுள் வந்து அமர்ந்த ஓர் ஆலு செருகலைக் காரணமாகக் காட்டியது 2024இல் வெளியான ஆய்வு. செருகலை நீக்கிய 'சுத்தப் பதிப்பு' மனிதனைத் தேடிச் செல்பவர் வாலோடுதான் திரும்ப நேரும்.

*

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். 2014இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்த சல்லிக்கட்டுக்காக 2017 சனவரியில் சென்னை மெரினாவிலும் மதுரைத் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் மக்கள் திரண்டதை அறிவோம். அதே ஆண்டு மாநிலச் சட்டத் திருத்தம் வந்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. மக்கள் திரண்டதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. வாடிவாசலைப் பற்றி நமக்கு இங்கே வழக்கு ஏதுமில்லை. ஆனால் அப்போராட்டத்தின் ஊடாக 'தூய நாட்டு மரபணு' என்றொரு வாய்பாடு பிறந்து, மாட்டிலிருந்து மனிதனுக்குத் தாவி, இன்றும் உலவுகிறது. அதன்மேல்தான் நம் வழக்கு.

பசுவின் மரபணுத்தொகையில் ஏறத்தாழ கால்பங்கு, 'போவ்-பி' என்னும் தாவும் கூறும் அதன் வழிவந்தவையும். இக்கூறு பசுவின் மூதாதையர்களிடமிருந்து மட்டும் வந்திருந்தால் பிற பாலூட்டிகளிலும் அதே வரிசையில் இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. அதன் மிக நெருங்கிய உறவு பாம்பிலும் பல்லியிலும் காணப்படுகிறது. 1998இல் ஸ்லோவேனிய ஆய்வாளர் இருவர் இதைச் சுட்டினர். 2013இல் பல்வேறு உயிரினங்களின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு அதை உறுதிசெய்ததோடு, இக்கூறு ஊர்வனவற்றின்மேல் ஒட்டும் உண்ணிகளிலும் இருப்பதைக் காட்டியது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அதைச் சுமந்து சென்றது உண்ணியாக இருக்கக்கூடும் என்பது அவர்கள் கருத்து. மாட்டின் காது மடலில் நாம் பிடுங்கி எறியும் உண்ணியின் பங்காளிகள் அன்று செய்த ஊழியம் அது!

மதுரை, சிவகங்கை வட்டாரத்துப் புலிக்குளம் காளை வாடிவாசலில் சீறும்போது அதன் ஒவ்வொரு செல்லிலும் இந்தக் கால்பங்கு இருக்கிறது. ஜெர்சிப் பசுவிலும் இருக்கிறது. நம் வீட்டு வெள்ளாட்டிலும் இதன் உறவு இருக்கிறது. அசைபோடும் விலங்குகளின் பொது மூதாதையிடம் புகுந்த ஒன்றுக்கு நாட்டு மாடு, சீமை மாடு என்ற பேதம் தெரியாது. இதனால் புலிக்குளத்தைக் காக்க வேண்டாம் என்று ஆகிவிடுமா? ஒருபோதும் இல்லை. இவ்வெயிலையும் இப்புல்லையும் தாங்கி, மந்தையாக மேய்ந்து, தலைமுறை தலைமுறையாகக் கீதாரிகளின் கையில் உருவான இனம் அது. அதைக் காக்க அந்த உழைப்பும் அந்தப் பன்மையும் போதிய காரணங்கள். தூய்மை என்ற பொய்க்கால் அதற்குத் தேவையில்லை.

*

மாட்டுக்கு நேர்ந்த இதே சொல் மனிதனுக்கு வரும்போதுதான் நஞ்சாகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பனும் ஸ்பென்சர் வெல்ஸும் இணைந்து செய்த ஆய்வில், உசிலம்பட்டி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவரிடம் 'எம்130' என்னும் பழைய குறி கண்டறியப்பட்டது. 2002இல் வெல்ஸ் எழுதிய நூல் வழியாக அது உலகறிந்த செய்தியாயிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரை வழியே ஆஸ்திரேலியா வரை சென்ற மனிதரின் தடம் இங்கே எஞ்சியிருக்கிறது என்பது அதன் பொருள். மகத்தான கண்டுபிடிப்பு. அதை 'எங்கள் சாதியே முதல் சாதி' என்று சுருக்கியது ஆய்வாளர்கள் அல்லர், நாம்தான்.

எம்130 என்பது ஒய் குரோமோசோமில் ஏற்பட்ட ஒரே ஓர் எழுத்து மாற்றம். தந்தை, தந்தையின் தந்தை என்று ஒற்றைக் கோட்டில் மட்டும் வருவது. பத்துத் தலைமுறைக்கு முன் நமக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றே ஒன்றைப் பற்றித்தான் அது பேசுகிறது. அதே குறி ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் உண்டு. செங்கிஸ்கான் வழியினதாகக் கருதப்படும் மங்கோலிய மரபுக்கொடியும் இதன் கிளையே. ஒரே குறியைக் கொண்டு குலம் கட்டுவோமென்றால் மங்கோலியர்க்கும் சங்கத்தில் இடம் தர வேண்டும். இன்னொரு குறியையும் சொல்லலாம். ஒய் குரோமோசோமில் 'யாப்' என்று பெயரிடப்பட்ட ஆலு செருகல் ஒன்றுண்டு. ஆப்பிரிக்கர் பலரிடமும், அந்தமானின் ஓங்கே, ஜாரவாக்களிடமும், திபெத்தியர், ஜப்பானியர் பலரிடமும் அது இருக்கிறது. இவர்கள் எல்லோரையும் எந்தச் சாதிச் சங்கத்தில் சேர்ப்பது?

பிச்சப்பன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாட்டின் 31 குழுக்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஒப்பிட்டு, குழுக்களுக்கிடையிலான வேறுபாடு வேளாண்மை பரவிய காலத்தது, சாதியமைப்புக்கு முந்தியது என்றது. இதையும் தம் பக்கம் இழுப்போர் உண்டு. அவர்கள் அடுத்த ஆண்டு வந்த ஆய்வையும் படிக்க வேண்டும். தந்தைவழிக் கோட்டை மட்டும் பாராமல் முழு மரபணுத்தொகையையும் 73 குழுக்களில் ஆராய்ந்த அது, 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்நிலப்பரப்பில் பரவலான கலப்பு நடந்ததென்றும், அகமணம் இறுகியது பிறகே என்றும் காட்டியது. ஒதுங்கி வாழ்ந்திருக்கக்கூடும் என்று எதிர்பார்க்கத்தக்க குழுக்களாக அது பெயர் சொல்லும் மூன்றில் கள்ளர் சமூகமும் ஒன்று. அவர்களிடமும் கலப்பே காணப்பட்டது. இதில் எவருக்கும் இழிவில்லை. இந்தியப் பெருநிலத்தில் ஆராயப்பட்ட எல்லோருக்கும் அதுவே கதை.

'இதெல்லாம் மேடைப் பேச்சு, இதற்கு ஏன் இத்தனை கோபம்?' என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வோம். வேறு சாதிப் பெண்ணோடு பேசிப் பழகினார் என்பதற்காக 2015இல் கொல்லப்பட்ட பொறியியல் படித்த தலித் இளைஞர் ஒருவரின் வழக்கில் 2022 மார்ச்சில் தீர்ப்பு வழங்கியது மதுரைச் சிறப்பு நீதிமன்றம். இரத்தம் கெடும் என்ற அச்சமே அத்தகைய கொலைகளின் கத்தி. 'இரத்தம்' என்ற பழஞ்சொல்லை எடுத்துவிட்டு 'மரபணு' என்று வைத்தால் கத்தி மழுங்காது. அறிவியல் முலாம் ஏறிப் பளபளக்கும்.

*

எதிர்முனையில் நிற்போரையும் விட்டுவிடலாகாது. 'குப்பை டி.என்.ஏ. என்பதே பொய், ஒவ்வோர் எழுத்துக்கும் உட்பொருள் உண்டு, நம் சித்தர்கள் அறிந்திருந்தார்கள்' என்பது அவர்கள் பாட்டு. 2012இல் 'என்கோட்' திட்டத்தார் மரபணுத்தொகையின் 80 விழுக்காட்டில் ஏதேனும் உயிர்வேதி நிகழ்வு காணப்படுகிறது என்று அறிவித்ததை அவர்கள் துணைக்கு அழைப்பார்கள். நிகழ்வு வேறு, பயன் வேறு என்று உயிரியலாளர் பலர் உடனே மறுத்தனர். இயற்கைத் தேர்வு காத்து வைத்திருக்கும் பகுதி பத்து விழுக்காட்டுக்குள்தான் என்பது பொதுவான மதிப்பீடு. நாம் அன்றாடம் குழம்பில் போடும் வெங்காயத்தின் மரபணுத்தொகை மனிதனுடையதைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஒவ்வோர் எழுத்தும் ஞானம் என்றால் வெங்காயம் நம்மைவிட ஐந்து மடங்கு ஞானி. தாவும் கூறுகளில் மிகப்பெரும்பாலானவை எப்பயனும் இன்றிக் கிடப்பவை. சில கேடு செய்பவை. மிகச்சில, காலத்தின் போக்கில் உடலுக்கு இன்றியமையாதவை ஆனவை. இம்மூன்றையும் ஒருசேர ஏற்பதே அறிவு.

அப்படியானால் உறவு, வழி, தொன்மை என்று எதுவுமே சொல்ல முடியாதா? முடியும், அதையும் செருகலே சொல்கிறது. சுவடிப் பதிப்பாளர்கள் இதை நன்கறிவர். இரு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே செருகல் இருந்தால் அவை ஒரே தாய் ஏட்டிலிருந்து வந்தவை. மரபணுவிலும் அவ்வாறே. ஒரே கூறு ஒரே இடத்தில் தற்செயலாக இருமுறை அமர்வது மிக அரிது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இலும் 1999இலும் இம்முறையால்தான் திமிங்கிலமும் நீர்யானையும் நெருங்கிய உறவினர் என்று நிறுவினர். நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவாக இலட்சக்கணக்கான ஆலு செருகல்கள் ஒரே இடங்களில் இருக்கின்றன. இச்செருகல்களைக் கொண்டே இந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், வேறுபாட்டின் மிகப்பெரும் பங்கு ஒவ்வொரு குழுவுக்கு உள்ளேயே காணப்பட்டது. குழுக்களுக்கு இடையில் இருப்பது சிறு பங்கு. உறவைக் காட்டும் சான்று தூய்மையில் இல்லை. கலப்பின் தடத்தில் இருக்கிறது.

இவ்வுண்மை நமக்கு விரைவில் தேவைப்படும். கீழடியின் இடுகாடான கொந்தகையில் தாழிகளிலிருந்து எடுக்கப்பட்ட எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து வருகின்றனர். 2025இல் அங்குக் கிடைத்த இரு மண்டையோடுகளுக்கு லிவர்பூல் ஆய்வகத்தின் துணையோடு முகம் வரைந்து காட்டப்பட்டது. உடனே அம்முகம் யாருடைய சாயல் என்ற பூசல் இணையத்தில் மூண்டதையும் கண்டோம். நாளை டி.என்.ஏ. முடிவுகள் வெளியாகும்போது ஒவ்வொரு சாதியும் ஒரு தாழியை உரிமை கொண்டாட வரும். அன்று தமிழ் படித்தவர்கள் என்ன சொல்லப்போகிறோம்?

உ.வே.சாமிநாதையர் கிடைத்த ஏடுகளையெல்லாம் ஒப்புநோக்கினார். பாடபேதங்களை மறைக்காமல் அச்சிட்டார். எந்த ஏட்டையும் இறைவன் கையெழுத்து என்று அவர் சொல்லவில்லை. கொந்தகை எலும்பையும் புலிக்குளம் காளையையும் நம் சொந்த உடலையும் அவ்வாறே வாசிக்கக் கற்றுத் தருவது தமிழ் வகுப்பறையின் வேலை. அதைச் செய்யும் வரை 'நம் மரபணுவிலேயே இருக்கிறது' என்று மேடையில் ஒருவர் முழங்கினால், 'எந்தப் பாதியில்?' என்று எழுந்து கேட்கும் கடமையாவது நமக்கு இருக்கிறது.